மெஷினுக்குக் கை வலிக்காது

எங்கள் வீட்டில் இருந்த முதல் மசாஜ் கருவிக்கு வயது ஏழு. அது நான்தான். கரண்ட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், ஒரு கமர்கட் போதும். ஏர் ஓட்டிவிட்டு வந்த தாத்தா சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் குப்புறப் படுப்பார். "டேய், ஏறு" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலில் தொடங்கி இடுப்பு வரை மிதித்துப் போவேன். "நடு எலும்புல வேண்டாம், ஓரமா" என்று கீழேயிருந்து உத்தரவு வரும். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் பேச்சிலேயே கிடையாது. எனக்குத் தூக்கம் வந்தால் கருவி நின்றுவிடும். தாத்தாவுக்கும் அதற்குள் குறட்டை வந்திருக்கும்.

கணக்கு இருந்தது எண்ணெய்க் குளியலுக்குத்தான். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. தேரையரின் நோயணுகா விதி நாலு நாளைக்கு ஒருமுறை என்கிறது. பாட்டி தேரையரைப் படித்தவளல்ல, ஆனால் வாரத்துக்கு இரண்டு என்ற அவள் கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்கும். நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியில் வைத்து அறைந்து தேய்ப்பாள். கண் எரியும், கத்துவேன், முதுகில் இன்னொன்று விழும். பிறகு பகலில் தூங்கக் கூடாது, மிளகு ரசம் சாப்பிட வேண்டும், வெயிலில் அலையக் கூடாது. இன்றைக்கு ஒரு கருவி வாங்கினால் பெட்டிக்குள் வருகிற எச்சரிக்கைத் தாளைவிடப் பாட்டியின் தாள் நீளம். தவறினால் கேரண்டி போகாது, தோல் உரியும்.

பிடிப்பு, சுளுக்கு என்றால் அதற்குத் தனி ஆள். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விடும் என்பது ஊர் நம்பிக்கை. பக்கத்துத் தெருவில் அப்படிப் பிறந்த ஒரு பெரியம்மா இருந்தார். படிப்பு, பயிற்சி, சான்றிதழ் ஒன்றும் வேண்டாம். பிறந்த தினுசே தகுதி. சித்த மருத்துவத்தில் இதற்கு ஒழுங்கான சாத்திரமும் உண்டு. தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. பெரியம்மாவிடம் இருந்தது ஒரே வகைதான். ஆனால் அந்த ஒன்று மறக்கவே மறக்காது.

பிறகு ஊர் மாறியது. 1980-களில் சென்னைக்குத் துணை நகரமாக மறைமலை நகர் எழும்பியது. வரப்பு இருந்த இடத்தில் என்.எச்.1, என்.எச்.2 என்று எண் போட்ட குடியிருப்புகள். 90-களின் நடுவில் ஃபோர்டு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று நீண்டு, ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்தான். ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இடுப்பு வலி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. கலப்பை பிடித்தவர்களின் பேரன்கள் நாங்கள் கன் பிடித்தோம். காற்றழுத்தத்தில் ஓடி போல்ட் முடுக்கும் கன். நான் இருந்த உதிரிபாகக் கம்பெனியில் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் மூன்றிலும் அது டர்ரென்று நடுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து டம்ளரைப் பிடித்தாலும் விரலில் அந்த நடுக்கம் பாக்கி இருக்கும்.

இப்போது நான் ரிடையர். மகன் ஒரகடத்தில் அதே வேலை. போன தீபாவளி போனஸில் எனக்கு ஒரு மசாஜ் கன் வாங்கி வந்தான். பெட்டியைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடி, விசை, முன்னால் நீட்டிய மூக்கு, எல்லாம் அப்படியே லைனில் பிடித்ததுதான். என்ன, போல்ட்டுக்குப் பதில் நான். "பகலெல்லாம் அதைப் பிடிச்சு ஆடிட்டு வரான், ராத்திரி அதையே முதுகுல வைக்கிறான்" என்று என் மனைவி சொன்னாள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் தொழிலாளர் கைகளுக்கு ஓர் அளவு வைத்தது: எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று லைனில் இருந்தவர்களுக்குத் தெரியும்: குளிரில் விரல் வெளுக்கும், மரத்துப்போகும். ஆலையில் அது தொழில்நோய். வீட்டில் அதே சத்தத்துக்குப் பெயர் ஓய்வு.

அப்படியானால் எத்தனை முறை? எங்கள் தெரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் மகன்தான் கேட்டான். மசாஜ் கன் என்றால் ஒரு தசைக்கு ஒன்றிரண்டு நிமிடம். பெல்ட், கால் மெஷின் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு ஒருமுறை. மறுநாள் அந்த இடம் கன்றி நொந்தால் இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். எலும்பு மேல் கூடாது, கழுத்தின் முன்பக்கம் கூடவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தம் கட்டியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் சூடு வைக்கும் கால் மெஷினில் காலை விட்டால் வெந்தால்கூடத் தெரியாது. கடைசியாகச் சொன்னதை எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு உரக்கச் சொல்ல வேண்டும்.

மிகையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் 2021-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த சங்கதி உண்டு. சைக்கிள் ஓட்டிக் களைத்த சீன இளம்பெண் ஒருத்திக்கு மசாஜ் கன் போட, தசை சிதைந்து, சிறுநீர் டீ நிறத்தில் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஏழு வயதுக் கருவியால் இந்தக் காரியத்தைச் செய்திருக்கவே முடியாது. அதற்கு முன்னால் அதற்குக் கால் வலித்திருக்கும். பாட்டிக்கும் கை ஓய்ந்திருக்கும். மெஷினுக்கு வலிக்காது, அதனால்தான் பதினைந்து நிமிடத்தில் தானே அணையும்படி அதற்குள் ஒரு டைமர். அந்த டைமரும் பாதி மோட்டார் சூடேறாமல் இருக்கத்தான் என்கிறான் மகன். என் முதுகு மீதிப் பாதி.

மேல்மாடி வீட்டில் மசாஜ் நாற்காலியே இருக்கிறது, தவணையில் வாங்கியது. 1954-ல் ஜப்பானின் ஒசாகாவில் இப்படி நாற்காலி செய்து பொதுக் குளியல் கூடங்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். குளித்தபின் பிடித்துவிடுவது அங்கும் உண்டு போலிருக்கிறது. மேல்மாடி நாற்காலி வந்த புதிதில் குடும்பமே முறை வைத்து உட்கார்ந்தது. இப்போது துவைத்த துணி உட்கார்ந்திருக்கிறது. தவணை இன்னும் ஓடுகிறது.

எங்கள் கன் அப்படி ஓய்ந்துவிடவில்லை. மகன் போனில் அதற்கு ஒரு செயலி. எத்தனை நிமிடம், எந்தத் தசை என்று பதிவு வைக்கிறது. கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் ஞாபகப்படுத்துகிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது டிங் என்றது. "அப்பா, உங்க முதுகைக் கேக்குது" என்றான்.

"ஓவர்டைமா இருக்கும்" என்றாள் என் மனைவி. "டபுள் சம்பளம் தரச் சொல்லு."