எட்டடுக்கு வாசல்

வா மாப்ளே, உக்காரு. வீட்டைப் பொறவு பாத்துக்கிடலாம், மொதல்ல வாசலை எடுப்பாக் கட்டணும்னு சொன்னியாமே? கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. உன்னைய மாதிரியே ஒரு புத்திசாலி ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்துல இருந்திருக்காரு. எசெக்ஸ் பக்கத்து ஹென்றி மார்னி. எட்டாம் ஹென்றி ராசாவோட மெய்க்காவல் தலைவரு. 1520 வாக்குல லேயர் மார்னியில ஒரு செங்கல் மாளிகையை ஆரம்பிச்சாரு.

அந்தச் சீமையில கட்டடக் கல்லு கிடையாது, களிமண்ணுதான் கொள்ளை கொள்ளையாக் கிடக்கு. மனுசன் அசரலையே! வாசல் கோபுரம் மட்டும் 80 அடி. ரெண்டு பக்கமும் எட்டெட்டு அடுக்கா சன்னல். கீழ நின்னு அண்ணாந்து பாக்குறவன், உள்ள என்னென்ன இருக்குமோன்னு கிறங்கிப் போகணும். நடுவுல ஏறிப் பாத்தா, வழிக்கு மேல பெரிய அறை ரெண்டே ரெண்டு. சன்னலை ஊரு எண்ணட்டும், அறையை நீ எண்ணிக்க.

சூளையில நெருப்பை ஒட்டி இருந்து, கருநீலமா வெந்துபோன செங்கல்லை நம்ம கொத்தனாரு கழிச்சுப் போடுவாரு. அவுக அதையே பொறுக்கியெடுத்து, செவப்புச் சுவர்ல டைமண்டு டைமண்டாக் கோலம் போட்டுட்டாக. கருகுன தோசையை விருந்தாளி எலையில வச்சு, இது எங்க வீட்டு விசேசம்னு சொல்ற தைரியம் வேணும்ல! உச்சியில, வில்லாளி நிக்க வேண்டிய எடத்துல, சிப்பியும் டால்பினும். இத்தாலிப் பாணியாம். சன்னல் சட்டமும் சுட்ட மண்ணுதான், தூரத்துல பாத்தா கல்லு.

1523ல ராசா பிரபுப் பட்டம் குடுத்தாரு. அதே வருசம் ஆளு போய்ச் சேந்துட்டாரு. மகன் ஜான் வேலையைத் தொடர்ந்தாரு, 1525ல அவரும் போயிட்டாரு. ஆண் வாரிசு இல்ல. மாளிகை பாதியில நின்னுபோச்சு. பக்கத்து மாதா கோயில்ல அப்பனுக்கும் மகனுக்கும் கல்லறை மட்டும் குறையில்லாம முடிஞ்சிருக்கு. அப்பன் கல்லறைக்கு மேலயும் அதே சுட்ட மண்ணு வேலைப்பாடு.

1884ல நிலநடுக்கம் வந்து கோபுரத்தை ஒரு உலுக்கு உலுக்குச்சு. பொறவு செப்பனிட்டாக. இப்ப சனம் சீட்டு வாங்கிட்டு மேல ஏறுது, கல்யாணங்கூட நடக்குது. அதனால நீ தயங்காத மாப்ளே. வாசலை ஒட்டி ஒரு வாட்ச்மேன் ரூமை மட்டும் கொஞ்சம் தாராளமாக் கட்டிப்போடு. நாளைக்குப் புள்ளகுட்டியோட நீ குடியிருக்கணும்ல.