உரிமையாளர் உள்ளேயே குடியிருக்க வேண்டுமாமே!

அனுப்புநர்: பூட்டிய வீட்டின் பங்காளிகளில் ஒருவன், காரியாபட்டி.
பெறுநர்: ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகம், புதுதில்லி.
பொருள்: பூர்வீக வீட்டை ‘படுக்கையும் காலை உணவும்’ திட்டத்தில் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வீட்டில் 1 முதல் 6 அறைகள் வரை விருந்தினருக்கு விடலாம், படுக்கை 12-ஐத் தாண்டக் கூடாது, தேறினால் தங்கம் அல்லது வெள்ளித் தரம் உண்டு என்ற உங்கள் விதிகளைப் படித்தோம். எங்களுக்கு வெள்ளியே போதும். தங்கம் எப்போதோ அடகுக் கடைக்குப் போய்விட்டது.

வெந்நீர் வேண்டும் என்கிறீர்கள். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் நாங்களே குளிக்கிறோம். அதற்குக் கூடுதல் மதிப்பெண் உண்டா?

இடிப்பது ஒரு விதிதான். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டுமாம். உரிமையாளருக்கு இங்கே பஞ்சமில்லை; கூட்டுப் பட்டாவில் பெயர் எழுத இடமில்லை. பெரியப்பா மக்கள் திருப்பூரில், சித்தப்பா மக்கள் சென்னையில், ஒருவன் சிங்கப்பூரில். வானம் பார்த்த கரிசலில் பருத்தி போட்டுப் பார்த்து ஓய்ந்தவர்கள். இப்போது நிரந்தரமாகத் தங்குவது முற்றத்துச் சீமைக்கருவேலம்தான், வாடகை தராமல். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. அதே ஆண்டில் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. மரத்துக்குக் கிடைத்த தடை எங்கள் பங்காளி வழக்கில் யாருக்கும் கிடைக்கவில்லை.

பராமரிப்புக்கு ஆள் உண்டு. பக்கத்து வீட்டு அத்தை. சாவி அவர் சுருக்குப் பையில். சம்பளம் பொங்கலுக்கு ஒரு சேலை, அதிலும் போன வருசச் சேலையைப் பற்றிய விமர்சனம் தனி. ஆதார் அட்டையெல்லாம் கேட்க மாட்டார். “நீ யாரு மகன்?” என்பார். பாட்டன் பெயர் வரை சரியாகச் சொன்னால்தான் பூட்டுத் திறக்கும். எந்தச் செயலி இவ்வளவு சரிபார்க்கிறது?

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதும் தெரியும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய தம்பி சொந்தத் திண்ணையில் படுத்தாலும் படிவம் நிரப்ப வேண்டும். அத்தை அதற்குள் ஊருக்கே சொல்லி முடித்திருப்பார்.

இந்த வட்டாரத்தில் ஊரைவிட்டுப் போனவர் வீடு கலையாமல் நிற்பதற்கு முன்னுதாரணம் உண்டு: திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் ரமணர் பிறந்த வீடு. ரமணாசிரமம் அதைச் சுந்தர மந்திரம் என்று பேணுகிறது. ஆனால் அதற்குப் போனவர் மகரிஷியாக வேண்டும். எங்கள் அண்ணன் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர்.

ஆகவே விதியைச் சற்றே திருத்துங்கள். ‘உரிமையாளர் மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வந்து இரண்டு இரவு தங்கினால் போதும்’ என்று போடுங்கள். கரிசலில் பாதி வீடுகள் தேறிவிடும். அன்றைக்கு 12 படுக்கை என்ற கணக்கை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். மொட்டை மாடியில் பாய் விரிந்த இடமெல்லாம் ஆள் படுத்திருப்பார்கள்.

ஆய்வுக் குழுவையும் அந்த இரவே அனுப்புங்கள். ஏழு மணிக்கு முன் வரச் சொல்லுங்கள். அதற்குமேல் அத்தை சாவியோடு கோயிலுக்குப் போய்விடுவார். குழுத் தலைவர் தன் பாட்டனார் பெயரை மறக்காமல் தெரிந்துகொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
கூட்டுப் பட்டாவில் கடைசிப் பெயர்