ஆறில் ஒரு பங்கு குதிரை

சைக்கிள் என்னும் வாகனம் சிருஷ்டிக்கப்பட்ட காலத்தில், அதில் ஏறியவன் மிதிப்பான், களைத்தால் இறங்குவான், இளைப்பாறினால் மறுபடி ஏறுவான் என்பதற்குமேல் அதற்கொரு சாஸ்திரம் வேண்டும் என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஆனால் 1891-இல் பந்தயமாகத் தொடங்கி இன்று 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் கடக்கச் சொல்லும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போன்ற விபரீதங்கள் பூலோகத்தில் தோன்றிய பிறகு, களைத்தபின் இறங்குவதைவிடக் களைப்பு எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிவது உத்தமம் என்ற ஞானம் உதித்து, அந்த ஞானமே இரண்டு யந்திரங்களாக உருவெடுத்து, பாளையங்கோட்டைவாசியும் 58 வயதினனுமான என் மார்பில் ஒன்றும் பெடலில் ஒன்றுமாக வந்து அமர்ந்திருக்கிறது.

மார்பில் கட்டுவது இதயத் துடிப்பை எண்ணும் பட்டை. பின்லாந்து தேசத்துப் போலார் கம்பெனியார் 1982-இல் கம்பியின் தொடர்பில்லாமலே துடிப்பைக் கைக்கடிகாரத்துக்கு அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நாடி விஷயத்தில் எங்கள் சீமைக்குப் பின்லாந்துக்காரர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பொதிகை அகத்தியருடைய மலை. 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாத பித்த கபங்களைப் பிரித்துச் சொல்லும் வைத்தியருக்கு முன்னால், ஒரே ஓர் எண்ணை மட்டும் அறிந்த இந்தப் பட்டை சிறு பிள்ளைதான். வயதை 220-இலிருந்து கழித்தால் ஒருவருடைய உச்சத் துடிப்பு வந்துவிடும் என்று ஒரு சூத்திரம் உலகெங்கும் உலவுகிறது. அதன்படி எனக்கு 162. சூத்திரம் சராசரி மனிதருக்கு உரியது. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் முன்பின்னாக இருப்பது சகஜம். சராசரி மனிதர் என்று ஒருவரைத் திருநெல்வேலியில் நான் இதுவரை சந்தித்ததில்லை.

பெடலில் இருப்பது பவர் மீட்டர். ஒவ்வொரு மிதிக்கும் உலோகம் கண்ணுக்குப் புலப்படாத அளவில் நெளிய, அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை அதற்கேற்ப மாற, அந்த மாற்றத்திலிருந்து விசையைக் கணித்து, சுழலும் வேகத்தால் பெருக்கி, இத்தனை வாட் என்று அது அறிவிக்கிறது. சைக்கிளில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான உல்ரிச் ஷோபரர். 1986-இல் கம்பெனி தொடங்கினார். இருபது நிமிஷம் உயிரைக் கொடுத்து மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எல்லையாகக் கொண்டு, நெடும் பயணங்களில் அந்த எல்லையின் முக்கால் பங்கைத் தாண்டாமல் செல்ல வேண்டும் என்பது சம்பிரதாயம். அவ்வாறு எனக்கு விதிக்கப்பட்ட பங்கு 120 வாட்.

இதை வீட்டில் சற்றே பெருமிதத்துடன் அறிவித்தேன். மனைவி மிக்ஸியைத் திருப்பி அடிப்பாகத்தைப் படித்துவிட்டு, “இதுல 750-ன்னு போட்டிருக்கு. ஒங்கள வச்சு ஒரு தொவையல்கூட அரைக்க முடியாது போலுக்கே” என்றாள். கணக்கில் பிழையில்லை. ஜேம்ஸ் வாட் நிர்ணயித்த குதிரைத் திறன் 746 வாட். ஆகவே எங்கள் சமையலறையில் ஒரு முழுக் குதிரை நிற்கிறது, நானோ ஆறில் ஒரு பங்கு குதிரை. 1944 முதல் தாமிரபரணியின் நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் பாபநாசம் நிலையத்தோடு போட்டியிட எனக்கு உத்தேசமில்லை. அங்கே பேசும் மெகாவாட் ஒன்றுக்கே என்னைப் போன்றவர்கள் எட்டாயிரத்துக்குமேல் வேண்டியிருக்கும்.

இருந்தும் பவர் மீட்டரின் மகிமையை உணர வேண்டுமானால் ஆடி மாதத்தில் பாபநாசம் சாலையில்தான் உணர வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, பேட்டையைத் தாண்டியதும் முகத்தில் அறைந்து, சேரன்மகாதேவியில் வேட்டி கட்டியவர்களைத் தடுமாறவைத்து, வீரவநல்லூரில் வாழைத்தோட்டங்களின் இலைகளையெல்லாம் நாராகக் கிழித்துக்கொண்டு வரும்போது, என் 120 வாட்டுக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் கிடைப்பதே அபூர்வம். கல்லிடைக்குறிச்சியில் காபி அருந்திவிட்டு வண்டியைத் திருப்பினால், அதே 120 வாட் 35 கிலோமீட்டராகப் பெருகிவிடுகிறது. வேகத்தை நம்பும் மனிதன் காலையில் தன்னை நோயாளி என்றும் மதியத்தில் தன்னைச் சாம்பியன் என்றும் கருத இடமுண்டு. வாட்டை நம்புகிறவனுக்கு அவ்வளவு பெரிய துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கீதையைக் கருத்தூன்றிப் படித்தவர்களுக்குக்கூட எளிதில் வாய்க்காத இந்தச் சமநிலையைப் பெடலுக்குள் வைத்து விற்கிறார்கள் என்பதால்தான் அதன் விலையும் அப்படி இருக்கிறது.

ஆனால் வாட் சொல்வது நாம் கொடுப்பதை. கொடுப்பதற்கு உடல் என்ன செலவழிக்கிறது என்பதை இதயம்தான் சொல்லும், அதுவும் தாமதமாகச் சொல்லும். எங்கள் ஊரில் மலையேற்றத்துக்குப் பதிலாக இருப்பது, 1973-இல் திறக்கப்பட்ட ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். ஏறத் தொடங்கியவுடன் வாட் 300-க்குத் தாவுகிறது. இருதயமோ, சர்க்கார் காரியாலயத்தில் கொடுத்த மனுவைப்போல அதைச் சாவகாசமாகப் பரிசீலித்து, நான் மறுபுறம் இறங்கத் தொடங்கியபின் பதற்றத்துடன் உயர்கிறது. குறுகிய ஏற்றங்களில் துடிப்பைப் பார்த்து மிதிக்கிறவன் பாலத்தின் உச்சியில் தன் பலத்தையெல்லாம் இறைத்துவிடுவான்.

சித்திரை மாதம் இதற்கு நேர்மாறான பாடம் சொல்கிறது. விடியற்காலையில் 120 வாட்டுக்கு 118 துடிப்பு. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியபின் அதே 120 வாட்டுக்கு 135. கால் புதிதாக எதையும் செய்யவில்லை; வியர்வையாக நீர் வெளியேறி ரத்தத்தின் கன அளவு குறைய, உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்க, துடிப்பு ஒவ்வொன்றிலும் வெளியேறும் ரத்தம் குறைந்து, இருதயம் எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது. இந்த வேளையில் வாட்டை மட்டும் பார்த்து மிதிப்பவன் பிடிவாதக்காரன்; அவனுக்குத் திரும்புகாலில் தண்டனை உண்டு. பயணத்தின் முற்பாதியையும் பிற்பாதியையும் ஒப்பிட்டு, வாட்டுக்கும் துடிப்புக்கும் உள்ள விகிதம் ஐந்து சதவீதத்துக்குமேல் விலகாதிருந்தால் அடித்தளம் உறுதி என்பது பயிற்சியாளர்கள் கொள்ளும் குறி. சித்திரையில் என் அடித்தளம் ஊருக்கு வெளியே எங்கோ இருக்கிறது.

யந்திரம் வாங்க இயலாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு: மிதித்துக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி என்பது. அது எங்கள் பக்கம் செல்லுபடியாகாது. திருநெல்வேலிக்காரன் எந்த நிலையிலும் முழு வாக்கியம் பேசக்கூடியவன். எனவே கருவிதான் கதி. இரண்டில் ஒன்றுக்கே வசதியுண்டு என்றால் பட்டையை வாங்குங்கள். சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பெடலுக்குப் பதினாயிரக் கணக்கில் எண்ணிவைக்க வேண்டும். அதற்கு ஒரே சமாதானம், மனித உடல் உண்ட சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே மிதிக்கத் தருவதால், பவர் மீட்டர் காட்டும் கிலோஜூலை அப்படியே கலோரியாக வாசித்துக்கொள்ளலாம் என்பது. மாலையில் நெல்லையப்பர் கோவில் வாசலில் அல்வாவுக்கு நிற்கும்போது, எவ்வளவுக்கு உரிமை இருக்கிறது என்பது சந்தேகமறத் தெரியும்.

பிரெவே என்று பெயர்கொண்ட, நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடும் பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு அளிக்கப்படும் அவகாசம் 13 மணி 30 நிமிஷம். அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே தோற்பவர்களில் பலர் மெதுவாகப் போனவர்கள் அல்லர். முதல் 50 கிலோமீட்டரை வேகமாகப் போனவர்கள். இந்த உண்மையை வீரவநல்லூர் டீக்கடைக்காரருக்கு விளக்க நான் எடுத்துக்கொண்ட முயற்சி பலிக்கவில்லை. “காத்து எறங்கிட்டோ, அண்ணாச்சி? பின்னால லோடு ஆட்டோ வருது, ஏத்தி விடட்டுமா?” என்று அவர் கேட்பதில் உள்ள பரிவு உண்மையானது. ஆகையால் அந்தச் சாலையில் செல்லும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: நரைத்த மீசையுடன் ஒருவர் எதிர்காற்றில் நத்தைபோல் ஊர்ந்துகொண்டிருக்கக் கண்டால் தயைகூர்ந்து வண்டியை நிறுத்தாதீர்கள், அவர் சரியான வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.