சாய்ஸ் போடும் அண்ணன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் உத்திரமேரூர் பிரவுசிங் சென்டர்களில் நிற்க இடம் கிடைக்காது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, மவுசை விடாமல் சொடுக்கிக்கொண்டிருப்பவர்தான் அண்ணன். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, யாரும் கூப்பிட்டதில்லை. "சாய்ஸ் போடுற அண்ணன்" என்றால் திருப்புலிவனம் வரைக்கும் தெரியும்.

2018-ல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியதும், அண்ணா பல்கலைக்கழக வளாகத்து மரத்தடியில் பையும் கையுமாகக் காத்திருந்த பெற்றோர் எல்லாம் இப்படிப்பட்ட கடைகளுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் எந்தக் காலேஜ் வாசலையும் மிதித்தவரில்லை. ஆனால் கோடு நம்பரெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

"எத்தினிம்மா கட்-ஆஃப்?"

"நூத்தி இருபத்தெட்டுண்ணா."

"மொதல் சாய்ஸ் கிண்டி போட்டுக்கலாம்."

"கெடைக்குமாண்ணா?"

"கெடைக்காது. போடறதுக்குக் காசா கேக்கறான்?"

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, இப்படியாக அண்ணன் போடும் எல்லாப் பட்டியலுக்கும் பிள்ளையார் சுழியாக இருக்கிறது. சிரிக்க வேண்டாம், விவரம் தெரிந்துதான் செய்கிறார். மேலே ஆசைக்கு ஒன்று போட்டால் கீழே உள்ள இடம் பறிபோகாது.

அடுத்தடுத்த சாய்ஸ்களுக்கு அவர் வைத்திருக்கும் அளவுகோல் பஸ். "லேப் எல்லாம் எப்படிண்ணா?" என்று கேட்டால், "ஆறே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடும்" என்பார். பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்தப் பதில் போதும். உள்ளபடியே அவர்கள் கேட்க வந்ததும் அதைத்தான்.

நடுவில் ஓடிபி வரும். அது வயலில் இருக்கும் அப்பாவின் பட்டன் போனுக்குத்தான் வரும். "நம்பர் வந்துக்குதா, படிப்பா" என்று மகள் கத்துவாள். அப்பா நிதானமாக, மெசேஜ் அனுப்பியவன் பெயரில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பார். எண்ணுக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அண்ணன் மறுபடி சொடுக்குவார்.

கூடவே ஒரு பெரியப்பா வந்திருப்பார். இதே ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் இருக்கின்றன: சபைக்கு வர முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும், வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், கல்வியும் வேண்டும். கடைசி ஒன்றை விட்டுவிட்டால் பெரியப்பா முழுத் தகுதி பெற்றவர். "சிவில் எடு, நம்ம வீட்டையே கட்டிக்கலாம்" என்பது அவர் தீர்ப்பு. அண்ணன் தலையாட்டிக்கொண்டே கம்ப்யூட்டர் சயின்ஸைச் சொடுக்குவார்.

அண்ணன் கறாராகிற இடம் ஒன்றுதான்: முதல் பட்டதாரிச் சான்றிதழ். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கமே முத்திரை வைத்துத் தரும் காகிதம். 2010-ல் வந்த சலுகை இது. தொழிற்படிப்பில் கல்விக் கட்டணம் கழியும். விஏஓ, ஆர்ஐ என்று மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்பதைப் பெற்றவர்களைவிட அண்ணன் நன்றாக அறிவார். அக்கா பி.காம். முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது என்பதை அவர்தான் சொல்லியாக வேண்டும். அக்காவும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

ரிசல்டுக்கு முன்பே வீடு தேடி வந்து, "இப்பவே அட்வான்ஸ் கட்டினா சீட் கன்ஃபர்ம்" என்று பேனாவும் பையும் பரிசளிக்கிறவர்களைக் கண்டால்தான் அண்ணனுக்கு ஆகாது. "கட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைப்பார். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் இன்னும் வயிறெரிவார். 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

ஆகவே, பஸ் நேரத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், இது கலந்தாய்வு இடமா, நிர்வாக இடமா என்று கேளுங்கள். நிர்வாக இடத்துக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது.