தீர்வை கட்டாத சரக்கு

போதகர் உத்தியோகத்திலே வெளியார் அறியாத சங்கடம் ஒன்றுண்டு. சகல ஜனங்களையும் சத்தியம் பேசும்படி புத்தி சொல்லுகிற பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்ட நாள் தொடங்கி, அவரிடத்திலே சத்தியம் பேசுவோருடைய தொகை குறைந்துகொண்டே போகிறது. பருத்தித்துறையிலே வீதிக்கு மேலாகவே கூரை கொண்டு, இருமருங்கும் கல்லாற் கட்டிய திண்ணைகளோடு நிற்கும் தெருமூடிமடத்தை எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை. முற்காலத்து வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கென்று எழுந்த அம்மடத்தின் திண்ணையில் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய நாலைந்து பெரியவர்கள் கூடியிருந்து ஊர் விவகாரங்களை அலசிக்கொண்டிருக்கையில், தூரத்திலே சைக்கிளில் வரும் எனக்கு அவர்களுடைய சிரிப்பொலி தெளிவாய்க் கேட்கும். கிட்ட நெருங்க நெருங்க அச்சிரிப்பு இருமலாகி, இருமல் பெருமூச்சாகி, நான் மடத்தின் நிழலுக்குள் நுழையும் சமயத்தில் அங்கே மழையைப் பற்றிய பக்திமயமான சம்பாஷணை நடந்துகொண்டிருக்கும். அவர்களுள் ஒருவர் எழுந்து, "ஐயா, போன ஞாயிறு பிரசங்கம் நல்லாய் மனசிலை பட்டது" என்பார். போன ஞாயிறு அவர் கொழும்பிலே மகள் வீட்டில் இருந்தவர்.

ஆகவே, ஒருவனுடைய கிறிஸ்தவ ஜீவியம் மெய்யாகவே வளருகிறதா, அல்லது வளருவதுபோல் அபிநயம் பிடிக்கிறதா என்று விசாரிக்கப் புகுவோர் அவனுடைய போதகரிடம் கேட்பதனாற் பிரயோசனமில்லை. சாட்சிக் கூட்டங்களும் இவ்விஷயத்தில் அதிகம் உதவுவதில்லை. இரட்சிக்கப்படுவதற்கு முன்னே தாம் குடித்த கள்ளையும், ஆடிய சூதையும், அடித்த அடிகளையும் அவ்வவற்றுக்குரிய ரசத்தோடு வர்ணித்து, அதன் பின்னர் நடந்தவற்றை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு உட்காருகிற சகோதரர் பலரை நான் கேட்டிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முந்திய பாவத்தைச் சபையிலே சொல்லுவதில் ஒருவித கௌரவம் உண்டு. போன கிழமைப் பாவத்தைச் சொல்லுவதற்கு எழுந்து நின்றவரை நான் இன்னும் காணவில்லை.

எங்கள் சபையின் மூலபுருஷராகிய ஜோன் வெஸ்லி இந்தச் சூட்சுமத்தை நன்கறிந்தவர். 1738ஆம் வருஷம் மே மாதம் 24ஆந் திகதி இரவு லண்டனிலே அல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த கூட்டமொன்றில் தமது நெஞ்சம் அனல்கொண்டதாக அவர் எழுதிவைத்ததை வருஷந்தோறும் நினைவுகூர்ந்து, அந்த அனல் எங்களுக்கும் வரவேண்டுமென்று மின்விசிறியின் கீழிருந்து பிரார்த்திக்கிறோம். ஆனால் அனல்கொண்ட அதே மனிதர் ஐந்து வருஷங்களின் பின், 1743இல், தமது சங்கத்தாருக்கென்று வகுத்த பொதுவிதிகளை யாரும் நினைவுகூருவதாகத் தெரியவில்லை. காரணம் வெளிப்படை. பரலோக தரிசனங்களைப் பற்றி அவற்றில் ஏதும் இல்லை; தீங்கு செய்யாதே, நன்மை செய், ஆராதனையையும் வேதவாசிப்பையும் விடாதே என்ற மூன்று தலைப்புகளின் கீழ், திருப்பிக் கொடுக்க வழியின்றிக் கடன் வாங்கலாகாது, பொன்னாபரணம் பூணலாகாது, வாங்குவதிலும் விற்பதிலும் அதிகம் பேசலாகாது, தீர்வை கட்டாத சரக்கை வாங்கவோ விற்கவோ ஆகாது என்று வீட்டுக் கணக்கும் கடைத்தெருவுமாகவே அவை நீண்டு போகின்றன. வெஸ்லியன் மிஷனரிமார் 1814இல் இலங்கையில் வந்திறங்கியபோது இவ்விதிகளையும் கூடவே கொண்டுவந்திருக்கவேண்டும். இவற்றை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்க்கையிலேதான் அவற்றின் உக்கிரம் விளங்குகிறது.

முதலில் அதிகம் பேசலாகாது என்ற விதியை எடுத்துக்கொள்ளுவோம். எங்கள் மீன்சந்தையிலே ஒரு கூறு விளைமீனுக்கு ஆயிரம் ரூபாய் என்று தொடங்குகிற அம்மா, அது இப்போதுதான் வள்ளத்திலிருந்து இறக்கியது என்பதற்கு அந்தோனியாரைச் சாட்சிக்கு அழைப்பதும், வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்த்து அம்மீனின் அந்திமகாலம் முந்தநாளே சம்பவித்துவிட்டதென்று தீர்ப்புச் சொல்லுவதும், கோபித்தவராய்ப் பத்தடி நடப்பதும், "எடுத்துக்கொண்டு போங்கோ, காசும் வேண்டாம்" என்று அவள் கூப்பிடுவதும், ஈற்றில் இருவரும் ஆதியிலேயே மனசில் வைத்திருந்த எழுநூறு ரூபாய்க்குக் கூறு கைமாறுவதும் தலைமுறை தலைமுறையாய் நடந்துவருகிற ஒரு நாட்டியம். எங்கள் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பொதுவிதிகளை நான் வாசித்து விளக்கிய மறுநாட் காலையிலே, அவ்விதிக்குக் கீழ்ப்படிந்து, விலையைக் கேட்டதும் வாய் திறவாமல் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினார். மீன்காரம்மா தாளை வாங்கினாள். வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். விரலை நனைத்துத் தேய்த்தாள். பிறகு பக்கத்துக் கூறுக்காரியிடம் கொடுத்து, "இஞ்சை ஒருக்கால் பார் பிள்ளை, இவர் ஒண்டும் பேசாமல் தாறார்" என்றாள். நேர்மையைக் கண்டு உலகம் முதலிற் கொள்ளுவது பரவசமல்ல, சந்தேகமே என்று அப்பெரியவர் அன்றைக்கு அறிந்துகொண்டார். அடுத்த முறை போனபோது அவள் எடுத்த எடுப்பிலேயே எழுநூறு என்றாளாம். பேரத்திலே வீணாகும் பொழுது அவளுக்கும் நட்டந்தானே.

தீர்வை கட்டாத சரக்கைப் பற்றிய விதியோ இன்னும் கூர்மையானது. கடலைப் பார்த்துக் கதவு வைத்த வீடுகள் நிறைந்த வடமராட்சிக் கரையிலே, அக்கரையிலிருந்து இராக்காலத்தில் வந்திறங்கிய சீலைகளைப் பற்றிய கதைகளைப் பழைய தலைமுறையினர் ஒருவிதப் பெருமையோடுதான் சொல்லுவார்கள். நத்தாருக்கு முந்திய வாரத்தில் இவ்விதியை நான் விளக்கியபோது, மூதாட்டி ஒருவர் ஆராதனை முடிந்தபின் என்னை மறித்து, "ஐயா, தீர்வை கட்டினதோ கட்டாததோ எண்டு சீலையிலை எழுதியிருக்குமே?" என்று கேட்டார். இருநூற்றெழுபது வருஷங்களுக்கு முன்னரே இதே கேள்விக்கு இதே போன்ற ஒரு கடற்கரையில் விடை சொல்லப்பட்டிருக்கிறது. 1753இல் கோர்ன்வால் பகுதியிலுள்ள சென்ற் ஐவ்ஸ் என்னும் மீன்பிடித் துறைக்குப் போன வெஸ்லி, தமது சங்கத்தார் அநேகமாய் எல்லாருமே கள்ளச் சரக்கு வாங்கியோ விற்றோ வருவதைக் கண்டு, அதை விட்டுவிடாவிட்டால் இனித் தம்முடைய முகத்தை அவர்கள் காணமாட்டார்களென்று சொல்லிவிட்டார். அவர்களும் விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். இதை நான் சொன்னபோது மூதாட்டி சற்று நேரம் யோசித்து, "அப்ப அந்த ஐயாவின்ரை முகத்திலை அவ்வளவு விருப்பமாய் இருந்திருக்கினம்" என்றார். என்னுடைய முகத்தைப் பற்றி அவர் ஏதும் சொல்லவில்லை.

வெஸ்லியின் பயமுறுத்தலுக்குப் பெறுமதி கொடுத்தது அவருடைய முகவசீகரமன்று; அவருடைய கணக்கு. 1776இல், வீட்டிலுள்ள வெள்ளிப் பாத்திரங்களுக்குத் தீர்வை கட்டவேண்டுமென்ற சட்டத்தின்படி, அவ்வளவு பெயர் பெற்ற பிரசங்கியிடம் வெள்ளி இல்லாமலிருக்க முடியாதென்று கருதிய அதிகாரிகள் கணக்குக் கேட்டு எழுதினார்கள். லண்டனிலே இரண்டு வெள்ளித் தேக்கரண்டியும் பிரிஸ்ரலிலே இரண்டும் உள; என்னைச் சுற்றிலும் இத்தனை பேர் அப்பத்துக்கு வழியின்றி இருக்கையில் இதற்குமேல் வாங்குவதாக இல்லை என்ற கருத்தில் அவர் விடை அனுப்பினார். வரித் திணைக்களத்துக்கு எழுதப்பட்ட கடிதங்களுள் ஆலயத்திலே பாடமாக வாசிக்கத் தகுந்தது எனக்குத் தெரிந்தமட்டில் இது ஒன்றே. பொன்னாபரண விதியைப் பற்றி நான் விரிக்கப் போவதில்லை. தாலிக்கொடி எத்தனை பவுண் என்பதே முதற் கேள்வியாகவுள்ள தேசத்தில், போதகர் சில விதிகளைத் தனியே வாசித்துத் துக்கிப்பதே உத்தமம்.

வளர்ச்சியைப் பற்றி வேதாந்தமாய்ப் பேசுவோர் வெஸ்லியின் நாட்குறிப்பிலே 1743ஆம் வருஷ மார்ச் மாதப் பகுதியைப் பார்க்கவேண்டும். நியூகாசில் நகரத்துச் சங்கத்தை அவர் அப்போது பரிசோதித்து, விலக்கப்பட்ட 64 பேருடைய காரணங்களை ஒரு கடைக்காரருடைய இருப்புக் கணக்கைப்போல் எழுதிவைத்தார். குடிவெறி 17, மனமறிந்த பொய் 3, மனைவியை அடித்தது 1, சோம்பல் 1, அசட்டைத்தனமும் கவலையீனமும் 29. இந்தக் கடைசிக் குற்றத்தை எங்கள் சபையிலும் விசாரிக்கத் தொடங்கினால், ஆலயத்திலே போதகரும் ஆர்மோனியமும் மாத்திரமே எஞ்சுவர். போதகரைப் பற்றியும் நிச்சயமில்லை.

தாமாகவே விலகிய 76 பேருடைய காரணங்கள் இதைக் காட்டிலும் சுவையானவை. பிறர் சிரிப்பார்களென்று 9 பேர் போனார்கள். நேரமில்லையென்று 3 பேர். தூரமென்று 2 பேர். கடவுளுக்கு ஊழியஞ் செய்ய இன்னும் காலம் கிடக்கிறதென்று ஒருவர். சங்கத்திலே தோமஸ் நைஸ்பிற் இருக்கிறார் என்பதற்காகவே 2 பேர் போய்விட்டார்கள். அந்த நைஸ்பிற் என்ன செய்தாரென்று வெஸ்லி எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு சபையிலும் அவர் இருக்கிறார். கூட்ட அறிக்கையில் எழுத்துப் பிழை பிடிப்பவர், கதிரை அடுக்குவதில் ஒழுங்கு சொல்லுபவர், பாட்டிலே எல்லாருக்கும் ஓரடி பிந்தி உச்சஸ்தாயியில் முடிப்பவர் அவரே. பரிசுத்தத்தில் வளருவதென்பது மலையுச்சியிலே தனித்திருந்து தியானிப்பதன்று, நைஸ்பிற் இருக்கிற வாங்கிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்று நான் நெடுங்காலமாய்ப் பிரசங்கித்து வருகிறேன். அதைக் கேட்கிற ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருப்பவரை ஓரக்கண்ணாற் பார்த்துத் தலையசைக்கிறார்கள். வாங்கின் மறுகோடியிலிருந்தும் அதே தலையசைப்பு வருவதை அவர்கள் கவனிப்பதில்லை.

போதகரும் இந்த நியதிக்கு விலக்கானவரல்லர். எங்கள் குடாநாட்டுக் கிணறுகளிலே நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லியதாய் மிதந்துகொண்டிருப்பதால், ஊறுவதற்கு இடங்கொடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் உவர்த்துப் போவது விவசாயி எவனுக்கும் தெரியும். காலையில் வீட்டு ஜெபம், மத்தியானத்தில் கலியாணம், மாலையில் ஞாபகார்த்தக் கூட்டம் என்று இறைத்தபடியே இருக்கும் போதகரும் உவர்ப்பார் என்பது சபையாருக்குத் தெரியாது. தெரிந்தாலும், "இண்டைக்குக் கொஞ்சம் உப்புக் கூட, ஐயா" என்று சொல்லுவதற்கு அவர்களுடைய மரியாதை இடங்கொடாது.

அந்த மரியாதை இல்லாத ஒரு விமர்சகர் ஒருவருக்கு வாய்க்குமானால் அது தெய்வானுக்கிரகமே. எங்கள் மிஷனரிமாருக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். 1838இல் எங்கள் ஊரிலே பாடசாலை நிறுவியவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். 1916 முதல் ஹாட்லிக் கல்லூரி என்று பெயர் வழங்குவது அதுவே. தமிழ்ப் பழமொழிகளில் ஆறாயிரத்துக்கு மேற் திரட்டி 1874இல் சென்னையில் வெளியிட்ட அந்தப் பெரியவருக்கு ஊராருடைய மனசில் இருப்பது இன்னதென்று தெரிந்திருந்தது. அவருடைய தலைமையில் உருவாகி 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்துக்குப் பண்டிதராயிருந்து பாஷையைச் செப்பஞ் செய்தவர் ஆறுமுக நாவலர். சைவராகவே வந்து, சைவராகவே இருந்து, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, 1854இல் "சைவதூஷண பரிகாரம்" எழுதி மிஷனரிமாருக்கு மறுப்புரைத்தார். எங்கள் வேதத்தின் பாஷையைச் சம்பளத்துக்குத் திருத்தியவர், எங்கள் போக்கின் பிழைகளைச் சம்பளம் கேளாமலே திருத்தப் புறப்பட்டார் என்று சொல்லலாம். கிறிஸ்தவர் எப்படி நடக்கிறார்கள் என்பதை உள்ளேயிருந்து பாடியவர்களைப் பார்க்கிலும் வெளியேயிருந்து பார்த்தவர்களே திருத்தமாய்க் கண்டார்கள்.

நாவலர் வழியில் வந்த ஒருவர் எனக்கும் அயலில் இருக்கிறார். இளைப்பாறிய கணித ஆசிரியர். காலையில் திருநீறு பூசி, மாலையில் என் பிரசங்கத்தைத் தமது முற்றத்திலிருந்தே ஒலிபெருக்கி மூலம் கேட்டு, தர்க்கப் பிழைகளைக் குறித்து வைப்பவர். வெஸ்லியின் விதிகளைப் பற்றி ஒருநாள் அவருக்குச் சொன்னபோது, "எல்லாம் சரி ஐயா. வேலியைப் பற்றி ஒண்டுமில்லையே?" என்றார். அந்த வினாவிலே யாழ்ப்பாணச் சரித்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. வருஷந்தோறும் கிடுகு மாற்றி வேலி அடைக்கும்போது, கதியால்கள் ஒவ்வொரு விரற்கடையாய் அடுத்த வளவுக்குள் யாத்திரை போவதும், ஒரு தலைமுறை முடிவதற்குள் ஒரு பூவரசு பிரஜாவுரிமை மாறிவிடுவதும், அதன்பொருட்டு அண்ணன் தம்பிமார் காணியின் பெறுமதியைக் காட்டிலும் கூடுதலாக நியாயதுரந்தரர்களுக்குச் செலவிடுவதும் எங்கள் நாட்டு வழக்கம். வெஸ்லி இங்கே பிறந்திருந்தால் பொதுவிதிகளில் முதலாவது விதி வேலியைப் பற்றியதாகவே இருந்திருக்கும்.

போன மாசம் அந்த மாஸ்ரர் படலையடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்கடை சபையிலை ஒருத்தருக்கு மெய்யாய் மனந்திரும்புதல் நடந்திருக்கு."

"எப்பிடிச் சொல்லுறியள், மாஸ்ரர்?"

"வடக்குப் பக்கத்து ஆள். இந்தமுறை வேலி அடைக்கேக்கை கதியாலைப் பழைய இடத்திலை கொண்டுபோய் நட்டிருக்கிறார். அரை முழம் எனக்குத் திரும்பி வந்திருக்கு. அளந்து பார்த்தனான்."

என் ஊழியத்திலே இத்தகைய சாட்சியை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுக்கும்போதே அவர் கையமர்த்தினார்.

"பொறுங்கோ ஐயா. வாற மாசம் சேவையர் வந்து அளக்கப்போறார் எண்டும் ஒரு கதை அடிபடுகுது. அவர் உங்கடை பிரசங்கத்துக்குப் பயந்தாரோ, சேவையருக்குப் பயந்தாரோ எண்டு எனக்குத் தெரியாது."

வரி அதிகாரியைக் கொண்டு வெஸ்லிக்கு ஒரு நல்ல கடிதம் எழுதுவித்த ஆண்டவர், சேவையரைக் கொண்டு ஒரு கதியாலை நடுவிக்கமாட்டாரா என்று நான் கேட்டேன். மாஸ்ரர் அந்தத் தர்க்கத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, அதிலே பிழை காணாதவராய், தெற்குப் பக்கத்து வேலியைச் சுட்டிக் காட்டினார்.

"அப்பிடியெண்டால், அங்காலையும் ஒருக்கால் ஜெபம் பண்ணுங்கோ ஐயா. அவரும் உங்கடை சபைதான்."