வடையில் எத்தனை ஓட்டை?

கேள்வி: ஈர்ப்புக்கு எழுதிய கணக்கை எலெக்ட்ரானுக்கும் போடுகிறார்களாமே, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?

பதில்: முடிச்சு நிஜமானது, அதன் பெயர் வளைவு. ரீமான் 1854இல் வகுத்த வளைந்த வெளியின் வடிவியலை ஐன்ஸ்டைன் 1915இல் ஈர்ப்புக்குப் பயன்படுத்த, புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புவதற்குக் காரணம் கிடைத்தது. எலெக்ட்ரானில் வளைவது வெளி அல்ல, அதன் அலை; ஆனாலும் வளைவைக் கூட்டும் முறை ஒரே குடும்பம். 1980இல் கிரெனோபிளில் இயற்பியலாளர் வான் கிளிட்சிங், கடுங்குளிரில், வலுவான காந்தப்புலத்தில் சிலிக்கான் டிரான்சிஸ்டரை அளந்தார். மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளக்கும் ஹால் மின்தடை வழவழவென்று மாறாமல் படிக்கட்டு போலப் படிகளாக நின்றது. ஒவ்வொரு படியும் சுமார் 25,813 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த அளவு. பொருளில் அழுக்கு இருந்தும் படி அசையவில்லை! 1982இல் தௌலஸ் குழு விடை சொன்னது: அலையின் வளைவை முழுக்கக் கூட்டினால் முழு எண்தான் வரும். உளுந்து வடையை எப்படி அமுக்கினாலும் ஓட்டை ஒன்றுதான். ஒன்றேகால் ஓட்டை வடையை எந்த மாஸ்டராலும் சுட முடியாது.

நடந்து முடிந்ததற்குக் கணக்கு எழுதுவது சுலபம்தானே என்பீர்கள். நியாயமான சந்தேகம். ஆனால் வெளிக் காந்தப்புலம் இல்லாமலும் அந்தப் படி வரலாம் என்று ஹால்டேன் 1988இல் தாளில் காட்டினார். 2013இல், குரோமியம் கலந்த மெல்லிய படலத்தில், சீன ஆய்வாளர்கள் அதை அளந்தே விட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டது கணக்கு.