ஒரே கதவு எண்

சென்னை பாரிமுனை, ஆண்டர்சன் தெருவில் ஒரு பழைய மாடிக் கட்டடம். முதல் மாடியில் அப்பாவின் கல்யாணப் பத்திரிகைக் கடை. கட்டடத்தில் மொத்தம் பதினொரு கடைகள், பதினொன்றுமே பத்திரிகைக் கடைகள். எல்லாருக்கும் ஒரே கதவு எண், மாடிப்படிக்குக் கீழே ஒரே தபால் பெட்டி.

2002-ல் கோயம்பேடு பேருந்து நிலையம் திறக்கும்வரை வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனைக்கே வந்துகொண்டிருந்தன. தை முகூர்த்தங்களுக்கு முன்னால் செஞ்சியிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் எட்டுப் பேர், பத்துப் பேராக வந்து இறங்குவார்கள். கையில் விலாசம் இருக்காது. "பத்திரிகை அடிக்கிற தெரு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்துவிடுவார்கள். பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் அப்படித்தான் வளர்ந்தது. துணி வேண்டுமென்றால் கோடவுன் தெரு, காகிதமும் பத்திரிகையும் வேண்டுமென்றால் ஆண்டர்சன் தெரு. ஒரு கடையில் மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் நாலு அடி தள்ளி அடுத்த கடை. பதினொரு பேர் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான் எங்களுக்கு இருந்த ஒரே விளம்பரம்.

அப்பாவிடம் இல்லாததைக் கேட்டால் கையை விரித்து அனுப்பிவிட மாட்டார். "மாடியில பாய் கடையில பாருங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க" என்பார். உருது எழுத்தோடு நிக்காஹ் பத்திரிகை என்றால் பாய் கடை. சர்ச் கல்யாணத்துக்குப் பின்கட்டுக் கடை. தாம்பூலப் பை என்றால் கீழே. இதற்கெல்லாம் கமிஷன் கிடையாது. பாய் கடையிலிருந்து எங்களுக்கும் ஆட்கள் வருவார்கள். யாருக்கு யார் எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று ஒரு நாளும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

பிறகு கூகுள் வரைபடம் செல்போனுக்குள் வந்தது. அப்போதெல்லாம் கடையைப் பதிவு செய்தால் ஐந்து இலக்க எண்ணோடு ஓர் அட்டை தபாலில் வரும், அந்த எண்ணைத் திரும்பப் பதிந்தால்தான் கடை உறுதியாகும். பதினொரு கடைக்கும் ஒரே பெட்டி என்பதால் அட்டைகள் கலந்துபோயின. எனக்கு வந்த அட்டையைப் பின்கட்டுக் கடைக்காரர் ஒரு வாரம் தன் கல்லாவில் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தார். ஒருவழியாகப் பதினொரு பேரும் வரைபடத்தில் ஏறினோம்.

2017 ஆவணிக்கு முன்னால் என் மகள் கடையில் உட்கார்ந்து தேடிப் பார்த்தாள். "அப்பா, நம்ம பில்டிங்ல ஒரே ஒரு கடைதான் காட்டுது." வரைபடத்தை விரல்களால் பெரிதாக்கினாள். கடைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. சுருக்கியதும் மறுபடி ஒன்றுதான் மிஞ்சியது. நாங்கள் அழிந்துவிடவில்லை, மறைந்திருந்தோம்.

காரணத்தை அவள்தான் படித்துச் சொன்னாள். தேடலில் முன்னால் ஏழு கடைகள் தெரிந்துகொண்டிருந்தன; 2015 ஆகஸ்டில் அது மூன்றாகச் சுருங்கியது. 2016 செப்டம்பரில் வந்த மாற்றம் இன்னொரு சல்லடையைக் கொண்டுவந்தது. ஒரே கட்டடத்தில் ஒரே வகைத் தொழில் பல இருந்தால், அவற்றில் வலுவான ஒன்றைக் காட்டிவிட்டு மற்றவற்றை ஒதுக்கும். ஒரே ஆள் ஒரே முகவரியில் பத்துப் பெயர் பதிந்து ஏமாற்றுவதும் உண்டு என்பதால், அப்படி ஒரு சல்லடை தேவைதான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தெருவுக்கொரு தொழிலாக வளர்ந்த ஊரில் பதினொரு தனித்தனிக் கடைகள் அதற்கு ஒரே ஆளாகத் தெரிந்தன. ஆபத்து வந்தால் செத்ததுபோலப் படுத்துக்கொள்ளும் ஒரு விலங்கின் ஆங்கிலப் பெயரை அந்த மாற்றத்துக்கு வைத்திருக்கிறார்கள்: பாசம். மகள் அதைச் சொன்னபோது நம் பாசம் என்றே என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு கட்டடத்தில் நடந்தவை எனக்கு இன்றும் வருத்தம் தருபவை. ஒருவர் கடைப் பெயரோடு 'சென்னை மலிவு விலைக் கல்யாணப் பத்திரிகை' என்று நீளமாக ஒட்டிக்கொண்டார். வெளியில் மாட்டியிருக்கும் போர்டில் உள்ள பெயர்தான் அங்கும் இருக்க வேண்டும் என்பது விதி. அவருடைய பக்கம் முடக்கப்பட்டு, அந்த மாசி முழுவதும் அவர் எங்குமே தெரியவில்லை. இன்னொருவர் அண்ணா சாலையில் யாரும் உட்காராத ஓர் அறையை முகவரியாகக் காட்டினார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, திறந்திருந்த பின்கட்டுக் கடையை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று யாரோ குறித்துவிட்டதுதான். என் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த மனிதர் அவர். ஒரே படியில் ஏறி இறங்குகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம்.

ஒரு ஆடி மாதம், வியாபாரம் படுத்திருந்த நேரம். மகளும் பாயின் மகனும் எல்லாரையும் எங்கள் கடையில் கூட்டினார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "உங்க கடையில மட்டும் என்ன கிடைக்கும்?" அப்பா காலத்தில் எங்களுக்கு மனப்பாடமாக இருந்த பதில்தான். ஆனால் பதிவில் பதினொரு பேரும் ஒரே முதன்மை வகையைத் தேர்ந்திருந்தோம். அதை மாற்றினோம். அழைப்பிதழ் அச்சிடுவதே முழுத் தொழிலாக இருப்பவர்கள் மட்டும் பழைய வகையிலேயே இருந்தார்கள். ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்பவர் அதையே முதலில் வைத்தார், காகித மொத்த வியாபாரி அப்படியே பதிந்தார். செய்யாத வேலையை ஒருவரும் எழுதவில்லை.

பிறகு சில்லறை வேலைகள். நானும் என் தம்பியும் எங்கள் இரண்டு கடைக்கும் ஒரே தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தோம், அதைப் பிரித்தோம். பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று சென்னையில் எல்லாருக்கும் இருக்கும் குழப்பம் எங்களுக்கும் இருந்தது. எங்கே எழுதினாலும் ஒரே மாதிரி எழுதுவதென்று முடிவு செய்தோம். மாடி எண்ணைச் சேர்ப்பதால் சல்லடையை ஏமாற்ற முடியாது, ஆனால் மூச்சு வாங்கப் படியேறி வரும் பெரியவருக்கு அது உதவும். ஆகவே சேர்த்தோம். பழைய டிரெடில் எந்திரம், ஃபாயில் அச்சு, உருது மாடல் ஆல்பம் என்று அவரவர் வேலையைப் படமெடுத்துப் போட்டோம். பத்திரிகை வாங்கிப் போகிறவர்களிடம், என்ன வாங்கினீர்கள் என்பதை இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்டோம். அதற்காகத் தள்ளுபடி கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தேடுகிறவரின் சொல்லுக்குப் பொருத்தம், அவர் நிற்கும் இடத்திலிருந்து தூரம், கடைக்கு வெளியுலகில் இருக்கும் நல்ல பெயர் என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது. 2021 கடைசியில் தூரத்தின் எடை இன்னும் கூடியது. தாம்பரத்தில் நின்று தேடுகிறவருக்குத் தாம்பரம் கடைதான் முதலில் வரும். அங்கே நாங்கள் என்ன செய்தாலும் பெரிதாக எடுபடாது. அதனால் உருது நிக்காஹ் பத்திரிகை, துணியில் அச்சிட்ட பத்திரிகை என்று குறிப்பாகத் தேடுகிறவர்களுக்காகத் தனித்தனி இணையப் பக்கங்கள் எழுதி வைத்தோம். பக்கத்திலேயே பத்துக் கடை இருந்தாலும் அவர்கள் பாரிமுனை வரத் தயங்குவதில்லை.

பின்கட்டுக் கடையைத் திறந்திருப்பதாக மீட்கச் சாட்சி தேவைப்பட்டது. இப்போது அட்டைக்குப் பதில் வீடியோ: தெருவைக் காட்டி, போர்டைக் காட்டி, ஷட்டரைத் திறந்து உள்ளே போக வேண்டும். அவருக்குக் கை நடுங்கும். பாயின் மகன் போனைப் பிடித்துக்கொண்டான். நான் ஷட்டரைத் தூக்கினேன். இரண்டு கடைக்காரர்கள் படியில் வருகிறவர்களைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தார்கள். அவர் உள்ளே போய், கல்லாவுக்குப் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்து, போனைப் பார்த்து வணக்கம் சொன்னார்.